சிவப்பில் பத்தொன்பது பேர்

7 ஜூலை, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஆடி பிறக்க இன்னும் பத்து நாள். காற்று மட்டும் முன்னமே வந்து சிமெண்ட் தூசியைக் கண்ணில் போடுகிறது. அரியலூரில் 7.20 பேருந்து. குன்னம் வரை நின்றபடி. "பெரியம்மாவுக்கு எடம் குடுங்கப்பா" என்றார் கண்டக்டர். வேண்டாம் என்றேன். முழங்கால் வேண்டும் என்றது.

பெரம்பலூரில் இறங்கிப் பள்ளிக்குள் நுழைந்ததும் சுற்றறிக்கை. தாளாளர் கையெழுத்து (இனி தா.). வெள்ளிக்குள் ஒவ்வோர் ஆசிரியரும்:

1. கணினி அறையில் ஓர் இணைய வினாடி வினா.
2. இந்தப் பருவத்துக்கான பாடத்திட்டம், அவர்கள் தரும் கட்டங்களில், இணையக் கோப்பில்.

செய்யாதவர்களுக்குப் பொதுத்தேர்வு வகுப்பு கிடையாது. கடைசி வரி: "மூத்த ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும்." அறுபத்தெட்டு வயதில் இந்தப் பள்ளியில் மூத்தவள் நான் ஒருத்திதான். பெயரையே எழுதியிருக்கலாம்.

10-பி ஆங்கிலம். பதினோரு ஆண்டுகளாக என்னுடையது. அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்ற பிறகு, கணவர் போன பிறகு, காலையில் புடவைக்கு இஸ்திரி போட ஒரு காரணம் அதுதான். அதைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார முடியாது.

மதியம் கணினி ஆசிரியை நஸ்ரின் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண். நாற்பது இருக்கும். எங்கள் பள்ளிக்கு வந்து ஓராண்டு இந்த மாதத்தோடு முடிகிறது. அதன் பிறகுதான் நிரந்தரம். பொறுமைசாலி. கடவுச்சொல் மூன்று முறை தப்பு. "அவசரமே இல்ல மிஸ், அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள்.

வாங்க வேண்டியவை: துவரம்பருப்பு, கால் வலித் தைலம், மூக்குக் கண்ணாடி திருகாணி.

8 ஜூலை, செவ்வாய்

வினாடி வினா முடிந்தது. பிழைத்தேன்.

கணினிகள் விழித்துக்கொள்ளப் பத்து நிமிடம். அந்த நேரத்தில் கட்டுரை நோட்டுகளைக் கொடுத்தேன். இரண்டு கட்டுரைகள் வரிக்கு வரி ஒன்று. பார்த்து எழுதிய கவிதாவை அழைத்தேன். வழக்கம் அவளுக்குத் தெரியும். சிவப்புப் பேனாவை வாங்கி, பக்கத்தின் மேல் "பார்த்து எழுதினேன்" என்று தானே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே நான் "பார்த்தேன்" என்று எழுதினேன். முடிந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, நான் உட்பட.

நஸ்ரின் பார்த்துக்கொண்டிருந்தாள். இது என்ன மிஸ் என்று கேட்டாள். எங்கள் கான்வென்ட் மதர் வைத்த வழக்கம் என்றேன். அடி கிடையாது, பெற்றோருக்குக் கடிதம் கிடையாது. குற்றத்தை அவரவர் கையால் எழுத வேண்டும். மதர் எழுதும் அந்த ஒரு சொல்லோடு கணக்குத் தீர்ந்தது. தமிழில் பேசினால் அபராதம் போட்ட அதே மதர். அதனாலோ என்னவோ, நான் எழுதும் இந்த நாட்குறிப்பு மட்டும் தமிழில்.

பிள்ளைகள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்கள் திரையில்: பூலாம்பாடி புயல், தூங்குமூஞ்சி, மிஸ்ஸின் செல்லம் (யாரென்று சொல்லவில்லை). ஜெயித்தது கடைசி பெஞ்ச் ரம்யா. பள்ளி திறந்ததிலிருந்து வாய் திறக்காதவள். நான் பேனா மூடியைக் கழற்றும் முன்பே எல்லோருக்கும் மதிப்பெண் வந்துவிட்டது. கொஞ்சம் மகிழ்ச்சி. கொஞ்சம் வேறு ஏதோ.

மாலை, வீடு. பாடத்திட்டக் கட்டங்கள். பதினான்கு பக்கம். கற்றல் விளைவு, நுழைவுச் செயல்பாடு, மதிப்பீட்டு உத்தி. நாற்பது ஆண்டுகளாகச் செய்வதைக் கட்டத்துக்குள் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கட்டம் நிரப்புவதற்குள் ஆறு மணி. கேள்வித்தாள் தயாரிக்க உதவும் என்று நஸ்ரின் காட்டிய செயலி ஒன்று உண்டு. கேட்டால் எழுதித் தரும். பாடத்தின் பெயரைத் தட்டினேன். அடுப்பில் ரசம் பொங்குவதற்குள் பதினான்கு பக்கமும் வந்துவிட்டது.

முதல் இரண்டு பக்கம் படித்தேன். குற்றம் சொல்ல இடமில்லை. அதுதான் எரிச்சல்.

9 ஜூலை, புதன்

மேகம் வந்தது, மழை இல்லை. இடது முழங்கால் வீக்கம்.

மதிய இடைவேளையில் என் திட்டத்தைக் கோப்பில் ஏற்றித் தரச் சொன்னேன். நஸ்ரின் என் போனை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "நல்லா வந்துருக்கு மிஸ்" என்றாள். ஏற்றினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் டிபன் டப்பா திறக்கப்படவே இல்லை. எனக்குப் பின்னால் தமிழ் ஐயா, அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், கையில் போனோடு.

வரும்போது பேருந்தில் இரண்டு பெண்கள். "ஒன் மருமவ எப்படி?" "போன்ல நல்லாப் பேசுவா." சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

10 ஜூலை, வியாழன்

என் திட்டம் சேர்ந்ததா என்று பார்க்க நாலரை மணிக்கு வீட்டில் கோப்பைத் திறந்தேன். என்னுடையது மட்டுமல்ல, எல்லோருடையதும் இருந்தது. அந்தக் காலத்தில் தலைமையாசிரியர் மேசைக்கு வரும் கட்டு மாதிரி. எனக்கு ஒரு பிரதி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

எழுத்தைச் சிவப்பாக்கத் தெரியும். ஓரத்தில் குறிப்பு எழுதத் தெரியும். இரண்டும் இந்த வாரம் கற்றவை. கை சும்மா இருக்கவில்லை.

ஏழு மணி வரை திருத்தினேன். பத்தொன்பது பேர். அறிவியல் 6/10. தமிழ் ஐயா 7 (வாக்கியம் நீளம், மூச்சு முட்டுகிறது). பி.டி. சார் 5, தட்டச்சு என்பதால் அவர் கையெழுத்துக்கு மதிப்பெண் குறையவில்லை, இல்லையென்றால் இந்த ஐந்தும் கிடைத்திருக்காது. வலி மறந்து போனது. பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலை நேரம் போனதே தெரியவில்லை.

நஸ்ரினுடையது கடைசியில். அவள் எழுத்தே இல்லை. வழவழவென்று, எந்த வகுப்புக்கும் பொருந்தும் வாக்கியங்கள். ஓரத்தில் எழுதினேன்: "பார்த்து எழுதியது. 3/10. என்னை வந்து பார்க்கவும்."

என்னுடையது? என்னுடையதை நான் படித்தேன். அது வேறு.

11 ஜூலை, வெள்ளி

ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. பி.டி. சார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மிஸ், எனக்கு அஞ்சுதான் போட்ருக்கீங்க. பாஸா, பெயிலா? வூட்ல கையெழுத்து வாங்கியாரணுமா?"

புரியவில்லை. அவர் தன் போனைக் காட்டினார். என் சிவப்பு. அவர் போனில். தமிழ் ஐயா போனில். எல்லோர் போனிலும். கோப்பு ஒன்றேதானாம், யார் எங்கே எழுதினாலும் அத்தனை பேருக்கும் தெரியுமாம். பக்கத்தில் என் பெயர், இனிஷியலோடு. நேற்று மாலை நான் எழுத எழுதப் பாடாலூரில் சாப்பிட்டுக்கொண்டே வேடிக்கை பார்த்ததாக அறிவியல் ஆசிரியை சொன்னாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தா.வும் பார்த்திருக்கிறார். முதல் பாடவேளையில் நஸ்ரினை அழைத்தார்கள். பிறகு என்னை.

தா. எழுந்து நின்றார். அவர் அப்பா காலத்தில்கூட யாரும் எனக்கு எழுந்ததில்லை. "உங்கள மாதிரி ஒருத்தர்தான் மேடம் இங்க வேணும். உங்க பிளானையே மாடலா எல்லாருக்கும் அனுப்பப் போறேன்." 10-பி எனக்கே. இனி எல்லோருடைய பாடத்திட்டத்தையும் நான்தான் பார்வையிட வேண்டும். செயலி எழுதியது என்று நஸ்ரின் ஒப்புக்கொண்டாளாம். அவளிடம் விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறார். திங்கள் காலைக்குள். "கம்ப்யூட்டர் டீச்சரே கம்ப்யூட்டர எழுத வச்சா எப்படி மேடம் நிரந்தரம் பண்றது?"

நான் சொல்ல வேண்டிய இடம் அது. நன்றி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாலை பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டுபிடித்தேன். எல்லோருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது என்றேன். அது தெரியும் மிஸ் என்றாள். அவள் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பி ஆறு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார். இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

"நானே எழுதணும்னுதான் இருந்தேன் மிஸ். ஏழு பேருக்கு ஏத்திக் குடுத்தேன். எனக்குன்னு ஒக்கார நேரமில்ல. அதான் அதுகிட்ட கேட்டேன்."

பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"உங்களுது எதுன்னும் எனக்குத் தெரியும். ஏத்துனதே நான்தானே. சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

அவள் பேருந்து வந்தது. ஏறிவிட்டாள். அரியலூர் பேருந்து இரண்டைப் போக விட்டேன்.

12 ஜூலை, சனி

விடுமுறை. தலை வலி. காலையில் தைலம், கஞ்சி.

பத்து மணிக்கு வெள்ளைத் தாளில் பாடத்திட்டத்தைக் கையால் எழுத ஆரம்பித்தேன். மாலைக்குள் ஐந்து பக்கம். செயலி எழுதியதில் பாதி அழகுகூட இல்லை. ஆனால் ரம்யா இருக்கிறாள், கவிதா இருக்கிறாள், மூன்றாவது வரிசையில் யாரைப் படிக்கச் சொன்னால் தைரியம் வரும் என்று இருக்கிறது. இதைக் கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

என் கணவர் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும் முன் சொல்வார்: "பேனாவ மூடி வை, நான் குளிச்சிட்டு வரேன். அதுக்கப்புறம் என்னத் திருத்து." வேடிக்கை என்று நினைத்திருந்தேன்.

அறிவியல் ஆசிரியைக்கு ஒரு மதிப்பெண் கூட்டியிருக்கலாம்.

13 ஜூலை, ஞாயிறு

காலைத் திருப்பலி. வெயில் ஏழரைக்கே உச்சி. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன் மூன்று பேர். ஒருவர் போனதும் வரிசையை விட்டு வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்வது எளிது. அவர் கோப்பில் இல்லை.

மதியம் சோறு வைக்கவில்லை. மோர்.

தா.வுக்குத் தனியாகச் சொல்லலாமா? கதவைச் சாத்திக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதையோடு? நஸ்ரினுக்குக் கிடைக்காத மரியாதை அது. அவளைப் பற்றிப் பத்தொன்பது பேர் பார்க்க எழுதினேன்.

10-பி போய்விடும். போனால்?

14 ஜூலை, திங்கள்

6.40 பேருந்து. உட்கார இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.

8.35. ஆசிரியர் அறையில் நான் மட்டும். கோப்பைத் திறந்தேன். மூலையில் சின்னச் சின்ன வண்ண வட்டங்கள். இப்போது யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருளாம். நான்கு பேர். ஒன்று தா. முன்னால் அவை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

என் திட்டத்தின் முதல் பக்கம். சிவப்பு. இரண்டு முறை அழித்து எழுதினேன்.

"பார்த்து எழுதினேன். செவ்வாய் மாலை, செயலியிடம் கேட்டு, பதினான்கு பக்கமும். 0/10."

கீழே என் முழுப் பெயர். பிறகு பத்தொன்பது பேருடைய பக்கங்களுக்கும் போய் மதிப்பெண்களை அழித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. வழிபாட்டில் பின்வரிசையில் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் எல்லோருக்கும் தெரியும் என்று தெரிந்தது.

தா. இன்று எழுந்து நிற்கவில்லை. நேரில் சொல்லியிருக்கலாமே மேடம் என்றார். மாடல் என்று இரண்டு கிளைப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட்டாராம். நஸ்ரினுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா என்று கேட்டேன். அவள் கொடுத்திருந்த விளக்கக் கடிதத்தைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டார். நிரந்தரம் பற்றி மாதக் கடைசியில் எல்லோருக்கும் போலத்தான் பார்ப்பேன் என்றார். அதைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். எழுதினார். ஒரு பிழை இருந்தது. திருத்தவில்லை.

10-பி, அறிவியல் ஆசிரியையின் தங்கைக்கு. அவளும் இங்கேதான் ஆங்கிலம் எடுக்கிறாள். எனக்கு 6-ஏ, நாளை முதல். நாற்பத்து மூன்று பேர்.

மதியம் நஸ்ரின் எனக்கு எதிரே உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தாள். அந்தத் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன். படித்துப் பையில் வைத்தாள். போனில் ஏதோ தட்டினாள். ஒரு முட்டையை என் டப்பா மூடியில் வைத்தாள்.

"சாப்பிடும்மா நீ" என்றேன். இந்த ஓராண்டில் அவளை நீ என்றது இதுதான் முதல் முறை.

போன் சிணுங்கியது. யாரோ கோப்பில் எதையோ சேர்த்திருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திறந்தேன். என் சிவப்பு வரிக்குக் கீழே, நேரம் 12.52, சிவப்பிலேயே:

"பார்த்தேன். – நஸ்ரின்."