பதினேழாம் பக்கத்தில் கையெழுத்து வேண்டாம்

மியூனிக்,
ஜூலை 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மேய்ச்சல் மலையில் நீங்களும் மாடுகளும் நலம்தானே? இடி இடிக்கும்போது முகட்டுக்கு ஏறாதீர்கள். அங்கே போன் எடுக்காததால் தபாலில் எழுதுகிறேன்.

கூடவே என் ஆய்வக வேலைப் பயிற்சிப் புத்தகமும் வருகிறது. எனக்குப் பதினெட்டு ஆகும்வரை ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் கையெழுத்து வேண்டும். இதைப் படித்து முடிக்கும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

பதினேழாம் பக்கத்தில் எங்கள் ஆய்வகத்து விஞ்ஞானி டாக்டர் ஃபால்க், "கவனக்குறைவு. கம்பிகளைச் சரியாக ஒட்டாததால் சில்லு வீணானது" என்று எழுதியிருக்கிறார். பொய், அப்பா.

சில்லு என்றால் நகத்தளவு மின்னணுத் தகடு. அதில் எட்டு மின்சுற்றுகள். கடுங்குளிரில் ஒவ்வொன்றும் ஓர் அணுவைப் போல ஆற்றலை வாங்கிச் சற்று வைத்திருந்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வெளியே விடும். முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டியது நான். தனித்தனியாகச் சோதித்தபோது எட்டும் ஒழுங்காக இருந்தன. எட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்ததும் ஆற்றல் மொத்தமும் சட்டென்று போய்விட்டது. கம்பி வழியே கசிந்துவிட்டது என்று முடிவு கட்டினார் டாக்டர் ஃபால்க்.

"என்னம்மா, காபி ஜாஸ்தியா? கை ஆடிச்சா? பள்ளிக்கூடத்தப் பாதியில விட்டவ கையில குடுத்தது என் தப்பு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கம்பி கெட்டிருந்தால் தனியாகச் சோதித்தபோதே தெரிந்திருக்குமே! வாயால் சொல்வதற்குப் பதில், தனித்தனியாக அளந்து எழுதிய சோதனைத் தாளை அவர் மேசையில் வைத்தேன். அதன்மேல் காபிக் கோப்பையை வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து அவருக்கே புரிந்தது. ஆற்றல் எங்கும் கசியவில்லை. ஒரே சுருதியில் இருந்த எட்டும் சேர்ந்து, ஒரே வீச்சில் ஒளியைக் கொட்டியிருக்கின்றன. தனித்தனியாக விடுவதைவிடப் பல மடங்கு பிரகாசமாக, பல மடங்கு வேகமாக.

"எட்டும் கூட்டு சேந்துடுச்சுடா!" என்று குதித்தார். கேக் வாங்கிவந்தார். கட்டுரை எழுதப்போகிறார்களாம். கம்பிகள் நன்றாக இருந்தன என்பதற்கு அவர் காட்டும் ஆதாரம் என்ன தெரியுமா? என் சோதனைத் தாள். காபிக் கறையோடு.

அன்றுதான் முதல்முறையாக வாய் திறந்து, அந்தப் பக்கத்தை அடித்துவிடச் சொன்னேன். "அட, அது வெறும் நோட்டு. யாரு பாக்கப் போறா? அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிடு. கேக் எடுத்துக்கோ" என்றார். நான் எடுக்கவில்லை.

யார் பார்ப்பார்கள் என்றா கேட்கிறார்? நாளை எனக்கு வேலை தருகிறவர்கள் பார்ப்பார்கள். இப்போது நீங்கள் பார்க்கிறீர்கள்.

மற்ற பக்கங்களில் கையெழுத்துப் போடுங்கள். பதினேழில் வேண்டாம். ஏன் போடவில்லை என்று பயிற்சி அலுவலகத்தில் என்னைத்தான் கேட்பார்கள். அப்போது நான் பேசியே ஆகவேண்டும். பேசுவேன்.

என்னை நம்புகிறீர்களா என்று உங்களிடம் கேட்க மாட்டேன். அந்த ஒரு இடம் காலியாகத் திரும்பி வந்தால் போதும்.

உங்கள் மகள்,
அஃப்ரா