புகை விழாத போட்டோ

செப்டம்பர் 9, செவ்வாய்

பண்ணைகளின் மின்சாரக் கூட்டுறவைப் பார்க்க இன்று பெரிய மனிதர்கள் வந்தார்கள். பண்ணைகளுக்கெல்லாம் சோலார். அந்தப் பேனல்களைக் கழுவும் எங்கள் தொழிலாளர் கேம்ப்புக்கு மட்டும் டீசல் ஜெனரேட்டர். அதை ஓட்டுவது நான்.

"போட்டோல கரும்புகை விழுதுண்ணே, ஆஃப் பண்ணுங்க" என்றார் இன்ஜினியர். செய்தேன்.

படம் எடுத்தார்கள். பிரியாணி தின்றார்கள். திரும்பப் போடச் சொல்ல இன்ஜினியருக்கு ஞாபகமில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று மணி நேரம் கழித்து, கார்கள் கிளம்பிய பிறகுதான் போட்டேன்.

இரவெல்லாம் பேனல் கழுவிவிட்டுப் படுத்திருந்த செல்வம், ஏசி இல்லாத அறையில் வெந்துபோய் வெளியே வந்தான்.

"ரிப்பேராண்ணே?"

"ஆமா."

"பாவம், இந்த வெயில்ல நின்னு சரி பண்ணிருக்கீங்க" என்று தன் மோர் பாட்டிலை நீட்டினான்.

வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்.