மூன்றாம் வளைவில் வசந்தி

ஏப்ரல் 11
தலவாக்கலை. விடிந்ததிலிருந்து தூறல். வேலைகள்: டயர் மாற்ற, ப்ரேக் ஒயில், ஹெல்மெட் பட்டி தைக்க.

எங்கள் டீம் மூன்றே பேர். ஊரே நானா என்று அழைக்கும் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை நசார் அண்ணன், நான், என் மனைவி வசந்தி. பழைய இரும்புக்குப் போகவிருந்த காரை ரேஸ் கார் ஆக்கியது நானா. ஓட்டுவதாக இருந்தது நான். முதல் ஒத்திகையிலேயே, பள்ளிக்கூட வேன் ஓட்டும் வசந்தி என்னை முந்திவிட்டாள். சீட்டை விட்டுக்கொடுத்தேன். முதல் வருடம் கடைசி இடம். போன வருடம் மூன்றாவது.

ஏப்ரல் 12
மலையேற்ற ரேஸ், முதல் நாள். நல்ல வெயில். கொழும்பு டீம்களுக்குக் கூடாரம், லொறி, ஒரே நிறச் சட்டை. எங்களுக்கு நானாவின் குடை.

வசந்தி ஏறிப்போன சத்தம் தேயிலை மலை முழுக்க எதிரொலித்தது. ஒலிபெருக்கியில் அவள் பெயர். முதலிடம்! நானா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, இன்னொருக்கா சொல்லச் சொல்லுங்க."

இரவு ரொட்டி சுட்டாள். ஸ்டியரிங் பிடித்த அதே கை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னாங்க, அப்புடி பாக்குறீங்க?"

இன்னொரு ரொட்டி கேட்டேன்.

ஏப்ரல் 13
இறுதி நாள். மூடுபனி. விபத்து. வசந்திக்கு மணிக்கட்டு முறிவு, வேறொன்றும் இல்லை. முருகா. எழுத முடியவில்லை.

ஏப்ரல் 14
வருடப்பிறப்பு. தோட்டத்து லய வீடுகளில் பட்டாசு. ஒவ்வொரு வெடிக்கும் திடுக்கிடுகிறாள்.

நேற்று நான் மூன்றாம் வளைவின் மேட்டில் நின்றேன். ரோடு ஈரம். காரின் பின்பக்கம் வழுக்கியது. வெளிப்பக்கம் கயிற்றையும் தாண்டி ஆட்கள்: கொழுந்து பறிக்கிற பெண்கள், பிள்ளைகள், ஐஸ்கிரீம்காரர். உள்பக்கம் கருங்கல் சுவர். ஸ்டியரிங்கைச் சுவர்ப்பக்கம் ஒடித்தாள். என் கண்ணால் பார்த்தேன். தவறி மோதவில்லை. திருப்பி மோதினாள்.

நானா ஓடிவந்தார். காரின் முன்பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது.

"நானா, வண்டிய நாசமாக்கிட்டேன்."

நானா காரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைத்தான் பார்த்தார். "எல்லாரும் நிக்கிறாங்க தங்கச்சி. பாருங்க, ஒருத்தருக்கும் ஒன்னும் இல்ல."

ஏப்ரல் 17
காரின் அடிச்சட்டமே முறுக்கிக்கொண்டுவிட்டது. "இதுல இனி கை வைக்க ஏலாது தம்பி." கடைச்சுவரில் இருந்த டீம் பெயரை நானாவே சுண்ணாம்பு அடித்து அழித்தார். பாதியில் அழுகை. மீதியை நான் அடித்தேன்.

வீட்டில் கேட்டேன்: "அந்த நேரத்துல என்ன நெனச்ச?"

"என்னத்த நெனைக்கிறது? ஆளுங்க நின்னாங்க."

இவளோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 22
பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. மழை. கட்டுப்போட்ட கையோடு வசந்தி பக்கத்து சீட்டில், வேன் என் கையில். வளைவுக்கு வளைவு அவள் கால் தரையை அழுத்துகிறது.

பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல்: "அங்கிள், அக்கா ஓட்டுனா இந்நேரம் போயிருப்போம்."

வேன் முழுக்கச் சிரிப்பு. எதிரே பஸ். கொண்டை வளைவு.

"இப்ப ப்ரேக்க புடிங்க."

பிடித்தேன்.

"விடுங்க."

விட்டேன்.