எட்டாவது பட்டை

ஜூன் 9
வேலை செய்துவிட்டது! மடிக்கணினியின் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டியதும், ஏழு குதிரைகளின் கழுத்துப்பட்டைகளிலிருந்தும் வரி வரியாக எண்கள். இடம், வேகம், நேரம். பத்து நொடிக்கு ஒருமுறை. நானே எழுதிய நிரல்.

மேலிஸ் அண்ணன் எட்டிப் பார்த்தான். “மேப்பு எங்கடி? வெறும் நம்பரா ஓடுது. குதிரைக்குக் கணக்குப் பாடம் எடுக்குறியா?”

இந்த மேய்ச்சல் மலையில் இணையம் நூல் மாதிரி வருகிறது. படம் வராது, எண்கள் வரும். இரண்டு தடவை விளக்கினேன்.

ஜூன் 17
மாப்பிள்ளை தாலாயின் வீட்டார் வந்து உல்கான் அக்காவுக்குத் தோடு போட்டுவிட்டுப் போனார்கள். தோடு ஏறினால் நிச்சயம் முடிந்தது. ஓஷ் நகரத்துக்குப் போய் நர்ஸுக்குப் படிக்கிறேன் என்று அக்கா எவ்வளவோ அழுதாள்.

“அதைக் கழட்டுனா என் மூஞ்சியில துப்புன மாதிரி” என்றார் அப்பா.

ஜூன் 20
அக்கா முதன்முறையாக என் நிரலைப் பற்றிக் கேட்டாள்! “எல்லாக் குதிரையும் தெரியுமாடி?”

“புள்ளிக் குதிரை மட்டும் தெரியாதுக்கா. அதுக்குப் பட்டை இல்ல.”

வெட்கமாகிவிட்டது. குறை இருக்கக் கூடாது. பழைய பட்டை ஒன்றுக்கு பேட்டரி மாற்றி மாலையே கட்டிவிட்டேன். பிடரி மயிருக்குள் தெரியவே இல்லை. எட்டு வரி! நாளை அக்காவிடம் காட்ட வேண்டும்.

ஜூன் 21
விடிந்தபோது அக்கா இல்லை. புள்ளிக் குதிரையும் இல்லை.

“திறடி அதை” என்றார் அப்பா.

சிக்னல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? எட்டாவது வரியில் வேகம் பதினெட்டு. மேயும் குதிரைகள் இவ்வளவு காட்டியதே இல்லை. எனக்கு... எழுதவே கை கூசுது... சந்தோஷமா இருந்துச்சு.

தேடிப் போன அண்ணன் காரிலிருந்து போனில் கூப்பிட்டான். “ஆத்தைத் தாண்டிட்டாளா?”

“இல்லண்ணா, பாலத்துக்கு இந்தப் பக்கம்தான்.”

ஒரு எண்கூடத் தப்பாக வாசிக்கவில்லை.

ஜூன் 22
அக்காவைப் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். ஓடிய வழியில் அவள் ஒரு தோட்டைப் பிய்த்து எறிந்திருக்கிறாள். அண்ணன் தேடி எடுத்து வந்தான். காது கிழிந்திருந்ததால் அம்மா சற்று மேலே வேறு துளை போட்டாள். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

“பட்டை நீ கட்டுனதா?”

“ம்.”

அக்கா அவ்வளவுதான் பேசினாள்.

ஆகஸ்ட் 20
கல்யாணம்.

செப்டம்பர் 28
தாலாயின் அம்மா போன் செய்தார். “கெட்டிக்காரி! குதிரைப் பட்டையில இருக்குற மாதிரி நாங்களும் சின்னதா ஒண்ணு வாங்கி அவ கோட்டுக்குள்ள வெச்சுத் தச்சிருக்கோம். அவளுக்குத் தெரியாது. நம்பர் சொல்றேன், சேத்துடு கண்ணு.”

அப்பா பக்கத்திலேயே நின்றார். சேர்த்தேன்.

திரையில் பெயர்கள் வரும் முதல் நெடுவரிசையின் தலைப்பு ‘குதிரை’. அதை மாற்றவில்லை. கீழே, ஒன்பதாவதாக, உல்கான் என்று தட்டினேன்.