மூன்றாம் சர்வரின் நான்காவது டிஸ்க்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஸ்கேன் சென்டர் வாசலெல்லாம் மண். சர்வர் அறை ஃபில்டர் கழுவ வேண்டும் (போன வாரமே).

முதல் சர்வரில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது. பதற்றமில்லை. மூன்று சர்வரும் ஒரே அமைப்பு. ஒவ்வொரு ஸ்கேனும் ஏதாவது இரண்டில் இருக்கும். புது டிஸ்க் போட்டேன். மற்ற இரண்டிலிருந்தும் பிரதி ஏறுகிறது. நாளை மதியம் முடியும்.

டாக்டர்: "வேலை நிக்காதுல்லா?" நிற்காது என்றேன்.

வாங்க: சீரகம், பல்பு, அம்மாவுக்குத் தைலம்.

ஜூலை 15, செவ்வாய்

பிரதி 71 சதவீதத்தில் நின்றுவிட்டது. மூன்றாம் சர்வர், நான்காவது டிஸ்க். படிக்கத் திணறுகிறது. கெட்ட செக்டார் (படிக்க முடியாத இடம்) காலையில் 40, மதியம் 212.

இந்த டிஸ்குக்கு மூன்று வாரம் முன்பே எச்சரிக்கை வந்தது. தினமும் மெயில் வந்து தொல்லை என்று நான்தான் நிறுத்தி வைத்தேன். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

செத்த டிஸ்கிலும் இதிலும் மட்டுமே இருந்த ஸ்கேன்கள்: 11.

சாப்பிடவில்லை. வரவேற்பில் இருக்கும் பேச்சியம்மாக்கா, "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?" தலைவலி என்றேன்.

ஜூலை 16, புதன்

டிஸ்கைக் கழற்றி, தனிக் கணினியில் மாட்டி, மெதுவாகப் படிக்கவிட்டேன். படிக்க முடியாத இடத்தைத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து மறுபடி முயலும். ஃபேனை நேராக வைத்தேன். சூடு 58லிருந்து 44.

மூன்று மணிக்குள் பத்து ஸ்கேன் முழுதாக வந்தன. பதினொன்றாவது வரவில்லை. வேலம்மாள், குருவிகுளம் பக்கம். தலையில் சின்னக் கட்டி, போன வருடம் எடுத்தது. நாளை மறு ஸ்கேன். பழையது இருந்தால்தான் வளர்ந்ததா என்று டாக்டர் சொல்ல முடியும்.

அவர் கணவர் மாடசாமிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, போன வருசம் குடுத்த படம் இருக்கா?"

"இருக்கும்மா. பீரோவுக்குப் பின்னால சொருகி வச்சிருக்கேன். என்னத்துக்கு?"

"எங்க கம்ப்யூட்டர்ல அழிஞ்சி போச்சு."

"கொண்டாறேன்."

ஜூலை 17, வியாழன்

எச்சரிக்கையை நிறுத்தியதை டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பெரிசா எடுத்துக்கிடல, சார்."

"இனிமே அந்த மெயில் எனக்கும் வரட்டும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

உரச்சாக்கில் சுற்றிப் படம் வந்தது. டாக்டர் பழையதையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் மாட்டி, ஸ்கேல் வைத்து அளந்தார். இரண்டு தடவை. கட்டி வளரவில்லை.

வேலம்மாள் கணவரைப் பார்த்து, "அப்ப பஸ்ஸுக்குப் போவமா?" என்றார்.

அழிந்தது என் தப்பு என்று மாடசாமியிடம் சொன்னேன். பழைய படத்தைத் தந்தால் மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிறேன் என்று கை நீட்டினேன்.

"வேண்டாம்மா. எங்கிட்டயே இருக்கட்டும்."

புதுப் படத்தையும் சேர்த்துச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்.