பதினோரு நாள் பதக்கம்

மார்ச் 3, செவ்வாய்
இந்த மாதமும் ஆறாயிரம் பேர் எங்கள் எடைக் குறைப்புச் செயலியை விட்டுப் போய்விட்டார்கள். வாரம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறார்களாம், பசியே எடுப்பதில்லையாம். பசியை அடக்கச் சொல்லி நாலு வருடமாக வாசகம் எழுதிப் பிழைக்கிறவள் நான். பசியே இல்லாதவர்களிடம் எதை அடக்கச் சொல்வது?

எதையும் எண்ணிக்கையில் நிறுத்துப் பார்க்கிற எங்கள் மேலாளருக்கு அலுவலகத்தில் ‘தராசு’ என்று பெயர். அவர் புது விளம்பரம் கேட்கிறார். “ஊசி போடாம இளைச்ச ஒரு ஆள் வேணும். நிஜ ஆளு.” என் நாக்கில் சனி. “எங்க அக்கா இருக்கா சார். பதினாலு கிலோ” என்றேன்.

மார்ச் 5, வியாழன்
அக்கா சம்மதித்துவிட்டாள். ஆனால் முகம் சரியில்லை. “என் போட்டோ வந்தா உனக்கு நல்லதாடீ?” என்று இரண்டு முறை கேட்டாள். மேற்கொண்டு பேச நேரமில்லை. ஒரே வீடுதான், ஆனால் அவள் பல் ஆஸ்பத்திரியில் மாலை வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் நான் வருவேன். அவள் திரும்பும்போது தூங்கியிருப்பேன்.

மார்ச் 9, திங்கள்
பழைய பேன்ட்டின் இடுப்பை இழுத்துப் பிடித்தபடி அக்கா நிற்கிற படம். தராசுக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 11, புதன்
அக்கா வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டாள். டாக்டர் கேட்டதும் உண்மை வந்துவிட்டது. ஐந்து மாதமாக ஊசி! எங்கிட்ட ஏன் மறைச்சா?

“ஊசி போட்டா பசி தெரியாதும்மா. அதுக்காக சாப்பிடாமலே இருக்கறதா?” என்று டாக்டர் திட்டினார். அக்கா போனை நீட்டினாள். எங்கள் செயலி. பதினோரு நாளாக இரண்டு காபி, அரை ஆப்பிள், அவ்வளவுதான். பதினோரு நாளும் பதக்கம். “சபாஷ் ராணி! வாயைக் கட்டினாய், வயிற்றை வென்றாய்!”

நான் எழுதியது. குறைவாகச் சாப்பிட்டால் சபாஷ் — அப்படித்தான் அமைத்தோம். எவ்வளவு குறைவு என்று யாரும் கேட்கவில்லை. ரொம்பக் குறைந்தால் பசியே பார்த்துக்கொள்ளும் என்று பசியை நம்பி விட்டுவிட்டோம்.

மார்ச் 12, வியாழன்
தப்பு யார் மேல்? ஊசியா, செயலியா, நானா? தலை சுற்றுகிறது.

மார்ச் 13, வெள்ளி
தராசிடம் சொன்னேன். “ஆப்பும் யூஸ் பண்ணாங்கல்ல? அப்ப பொய் இல்லையே?” கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை விளம்பரம் வெளியாகிறது.

மார்ச் 14, சனி
அக்காவிடம் கேட்டேவிட்டேன். “ஊசியே இளைக்க வெக்குதே, அப்புறம் எதுக்குக்கா இந்த ஆப்?”

அவள் சொன்னாள்: “அதுல வர்றதெல்லாம் நீ எழுதறதுன்னு தெரியும்டீ. நீ எங்கிட்ட பேசி எவ்ளோ நாளாச்சு? ஊசின்னு சொன்னா அந்த சபாஷும் நின்னுடும்னு நெனச்சேன்.”

அழுதுவிட்டேன். அவள்தான் சமாதானம் சொன்னாள். கூத்து!

மார்ச் 16, திங்கள்
விளம்பரம் வரவில்லை. தன் படத்தைப் போடக் கூடாது என்று அக்காவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். தராசு என்னோடு பேசுவதில்லை. பதக்க விதியை மாற்றக் கேட்டு நான் கொடுத்த தாளை வாங்கி, “பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 19, வியாழன்
பதக்கங்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. எத்தனை அக்காக்களுக்கோ.

மார்ச் 22, ஞாயிறு
இந்த வேலையில் இருப்பதா, விடுவதா? தெரியவில்லை. விட்டால் அந்த விதியை மாற்றச் சொல்லி நச்சரிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

மதியம் அக்காவும் நானும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். லட்சம் பேருக்கு எழுதுகிறவளுக்கு எதிரே இருப்பவளிடம் பேச ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அவள் தட்டைத் தள்ளி வைக்கப் போனாள்.

“இன்னும் ஒரு வாய்க்கா” என்றேன்.

சாப்பிட்டாள்.