திருச்சிக்கு நாலு மணி நேரம்

பின் வரிசையில் யாரோ தைலக் குப்பியைத் திறந்திருக்கிறார்கள். சாங்கியில் விமானம் மேலேறிக் கடல் தெரியத் தொடங்கியதும் நீங்களும் நெற்றிப்பொட்டில் அதைத்தான் தேய்ப்பீர்கள். திருச்சிக்கு நாலு மணி நேரம் என்று இப்போதுதான் அறிவித்தார்கள். கைப்பேசியில் இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் கணக்கே வேறு. சிங்கப்பூர் மணி ஊர் மணிக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், "கடிகாரத்தப் பாத்தா ஒன்னரை மணி நேரந்தான், அதுக்குள்ள உனக்கு என்ன தூக்கம்?" என்று கேலி செய்வீர்கள். பேசிக்கொண்டே வரப்போகிறீர்கள் என்று நானும் நம்புவேன்.

ஜூரோங் கப்பல் பட்டறையில் உங்களுக்கு ஷிப்ட் வேலை. கம்பெனி பஸ்ஸில் நீங்கள் செங்காங்கில் நம் வீட்டருகே வந்து இறங்கும்போது நான் வேலைக்குக் கிளம்பியிருப்பேன். உங்கள் அம்மாவைப் பார்க்க வருஷத்துக்கு ஒரு முறை போகிற இந்தப் பயணத்தில்தான், அடுப்பும் போனும் இல்லாமல் நாம் அருகருகே உட்கார வாய்க்கும். அதற்கும் விட்டால்தானே. திருச்சி விமானத்தில் ஏறி உட்கார்ந்த கையோடு இடம் மாறச் சொல்லிக் கேட்பவர்கள் வந்துவிடுவார்கள். தாய் ஒரு வரிசை, பிள்ளை ஒரு வரிசை என்று இடம் விழுந்திருக்கும். எப்படித்தான் உங்கள் முகத்தைக் கண்டுபிடிப்பார்களோ, நேரே உங்களிடம்தான் வருவார்கள். நீங்களும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்துவிடுவீர்கள். ஒரு தடவை உங்கள் இடத்துக்கு வந்த சிறுமி திருச்சி வரை என் மடியில் கால் நீட்டித் தூங்கினாள். நான் முறைத்தால், "நாலு மணி நேரந்தானே, எறங்குனா உன்கூடத்தான இருக்கப்போறேன்," என்பீர்கள். இறங்கினால் உங்கள் அண்ணன் தம்பிகள் உங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

நாம் சேர்ந்து போன கடைசிப் பயணத்தில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் வேலையாக பெல்ட்டை மாட்டினீர்கள். "இந்த வாட்டி யார் கேட்டாலும் மாற வேணாம்மா. பேசிக்கிட்டே போவோம்," என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வரிசையில் மூன்றாவதாகப் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி. கணவர் பின்னால் தனியாக இருக்கிறார் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீங்கள் வாயைத் திறக்குமுன் நான் எழுந்துவிட்டேன். இத்தனை வருஷம் கேட்டதைத் திருப்பிச் சொல்லக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா?

"நாலு மணி நேரந்தானே," என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை.

ஊரில் வீடு நிறைய ஆட்கள். என்ன பேச நினைத்தீர்கள் என்பதைத் திரும்பும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். அதற்குள் மாரடைப்பில் போய்விட்டீர்கள். திரும்பி வரும்போது என் பக்கத்து இடம் காலியாக வந்தது. பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. சமையலறைக்குப் புது அலமாரி போடுவது பற்றிக்கூட இருந்திருக்கலாம். அதையாவது கேட்டிருக்கலாம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து நின்றாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வேறு வேறு வரிசையில் இருக்கிறார்களாம்.

"ஆன்ட்டி, நீங்க தனியாத்தானே வர்றீங்க?"

இடம் கொடுப்பதில் எனக்கு ஒன்றுமில்லை. 'ஆமா' என்று சொல்லத்தான் வெகுநேரம் பிடித்தது.